ஏலக்காய்ச் செடி வளர்க்க ஆசையா? நிழலைத் தயார் பண்ணுங்கள்

மளிகைக் கடையில் வாங்கிய ஏலக்காயை உடைத்து, விதையைத் தொட்டியில் தூவிவிட்டு ரெண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்களா? விட்டுவிடுங்கள், அது முளைக்காது. பறித்த பச்சைக்காயைச் சுமார் 50 டிகிரி சூட்டில் ஒரு நாள் போல உலர்த்தித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள், அதிலேயே விதையின் உயிர் போய்விடும். புதுப்பழத்து விதை முளைக்கும்தான், ஆனால் பொறுமையைச் சோதிக்கும். கிழங்கோடு பிரித்த தூர் வாங்குவதுதான் எளிது. அதில் ஒரு முற்றிய தட்டையும் (மண்ணுக்கு மேலே நிற்கும் தண்டு) ஒரு இளங்குருத்தும் இருந்தால் போதும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நர்சரிகளில் ஏலக்காய் என்று சொல்லி, பார்க்க அதே மாதிரி இருக்கும் அல்பீனியா என்ற வேறு செடியைத் தருவது சகஜம், நானே ஏமாந்திருக்கிறேன். ரெண்டு வருஷம் தளதளவென்று வளர்ந்தது, அப்புறம் தண்டின் உச்சியில் பூத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அசல் ஏலம் உச்சியில் பூக்காது. தூரிலிருந்து பூச்சரம் கிளம்பி, மலபார் வகையாக இருந்தால் தரையோடு படர்ந்து கிடக்கும், மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும், வழுக்கை என்ற வகை ரெண்டுக்கும் நடுவில். இலையைக் கசக்கினால் அல்பீனியாவிலும் வாசனை வரும், அதனால் மூக்கை நம்பாதீர்கள்.

சரி, நிழலுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில், பெரிய மரங்களுக்கு அடியில், சருகு மக்கிய ஈர மண்ணில் வளர்ந்த செடி இது. இஞ்சியின் உறவு. நாம் தண்டு என்று நினைப்பது வாழை மாதிரி இலையடிகள் சுற்றிச் சுற்றி உருவானது, உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது, வருஷா வருஷம் புதுத்தட்டை விடுவதும் அதுதான். நேர் வெயில் பட்டால் இலை மஞ்சளாகி ஓரம் கருகும். அதற்காக இருட்டு மூலையில் வைத்துவிடாதீர்கள், வெளிச்சம் போதாவிட்டால் தட்டை ஒல்லியாக நெடுநெடுவென்று போகுமே தவிர சரம் வராது. பாதி வெயில் பாதி நிழல், அதுதான் கணக்கு. மலைத்தோட்டங்களில் மழை தொடங்குவதற்கு முன்னால் பலா, கல்யாண முருங்கை மாதிரி நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள், கோடையில் அதே மரங்கள் தழைத்து நிழல் கொடுக்கும். வீட்டில் 50 சதவீத நிழல்வலை கட்டினால் போதும், அல்லது காலை வெயில் மட்டும் எட்டிப் பார்க்கிற கிழக்குப் பக்கம்.

தொட்டி ஆழத்தைவிட அகலம் முக்கியம். இலைமட்கு நிறையக் கலந்த மண்ணில் கிழங்கை மேலாக வைத்து மூடுங்கள். ஆழப் புதைத்தால் அழுகும், தண்ணீர் தேங்கினாலும் அழுகும், இந்தச் செடி செத்துப்போகிற வழிகளில் முக்கால்வாசி இது ரெண்டுதான். பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள், மண்ணின் மேல் சருகு மூடாக்கு போடுங்கள். பூக்கிற சமயம் சரத்தின் மேல் கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும், தேனீ வந்து உட்கார்ந்தால்தான் காய் பிடிக்கும். இலையில் வெளிர்ப்பச்சைக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தால் அது அசுவினிப் பூச்சி பரப்பும் கட்டே நோய். மருந்து கிடையாது, யோசிக்காமல் கிழங்கோடு பிடுங்கி அழித்துவிடுங்கள்.

காய் கிடைக்குமா? மதுரை, சென்னை, திருச்சி என்றால் எதிர்பார்க்காதீர்கள். 600 முதல் 1,200 மீட்டர் உயரம், நல்ல மழை, ஈரக்காற்று, இதெல்லாம் சேர்ந்தால்தான் ஏலம் ஒழுங்காகக் காய்க்கும். போடியில் ஏலம் விட்டு விற்கிற ஏலக்காய் பெரும்பாலும் மலையேறிப் போனால் வருகிற இடுக்கித் தோட்டங்களில் விளைந்ததுதான். கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் தைரியமாக நடலாம். மூன்றாம் வருஷம் காய்ப்புக்கு வரும், பூவிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய நான்கு மாதம். தோல் பச்சையாக இருந்து உள்ளே விதை கறுத்திருக்கும்போது பறியுங்கள், பழுக்க விட்டால் வெடித்துவிடும். எல்லாம் ஒரே நாளில் முற்றாது, மாதத்துக்கு ஒரு முறை பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். உலர்த்தும்போது நேர் வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோ தேறும், விலை ஏன் அப்படி இருக்கிறது என்று அப்போது புரியும்.

சமவெளிக்காரர்களுக்கு இலைதான் லாபம். மஞ்சள் இலையில் செய்வது போல இதில் கொழுக்கட்டையைப் பொதிந்து அவித்துப் பார்த்தேன், வாசனை லேசாகத்தான் ஏறியது, ஆனால் நன்றாக இருந்தது. காயின் தோலையும் குப்பையில் போடாதீர்கள், டீத்தூள் டப்பாவுக்குள் போட்டு வைத்தால் ஒரு வாரத்தில் தூளே மணக்கும்.

தொட்டி நிறைந்து தட்டைகள் நெருக்க ஆரம்பித்தால், மழை தொடங்குகிற ஜூன் வாக்கில் கிழங்கை வெட்டிப் பிரித்து இன்னொரு தொட்டியில் வையுங்கள். காய்ந்துபோன பழைய தட்டைகளை அடியோடு அறுத்துவிட்டுப் பிரித்தால் கை போக இடம் கிடைக்கும்.