திருகோணமலையிலிருந்து நேர்ஸ் ஆவது எப்படி: பாடநெறி தெரிவு முதல் முதல் வேலை வரை

உயர்தரப் பெறுபேறு வந்ததும் நேர்சிங் படிக்க விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் கேட்பது, “எங்கே படிக்கலாம், எவ்வளவு கட்டணம்?” என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் படிப்பு முடிந்ததும் இலங்கை தாதியர் சபையில் தாதியாகப் பதிவு செய்ய முடியுமா? மற்ற எல்லா முடிவுகளும் இந்தப் பதிலைப் பொறுத்தவை. கீழே உள்ள படிகளையும் அந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த வேலை என்று பிரித்துப் பாருங்கள்

வைத்தியசாலையில் வெள்ளைச் சீருடை போட்ட எல்லோரையும் நாம் “மிஸ்ஸி” என்று கூப்பிட்டுவிடுகிறோம். ஆனால் தாதிய உத்தியோகத்தர் வேறு, தாதி உதவியாளர் வேறு, பராமரிப்பாளர் வேறு. ஊரில் வீடு வீடாக வந்து கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் இன்னொரு சேவை. அதற்கு 18 மாதப் பயிற்சி தனியாக இருக்கிறது. மருந்து ஏற்றுவது, வாட்டில் நோயாளியின் பொறுப்பை ஏற்பது, பதவி உயர்ந்து வாட் சிஸ்டராவது எல்லாம் பதிவுபெற்ற தாதிக்கு உரியவை.

படி 2: கட்டணம் இல்லாத இரண்டு வழிகளை முதலில் முயலுங்கள்

முதலாவது, சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரி. மூன்று வருட டிப்ளோமா. படிக்கும் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. கிழக்கில் மட்டக்களப்பிலும், வடக்கில் யாழ்ப்பாணத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆட்சேர்ப்பு அறிவித்தல் அரச வர்த்தமானியில் வரும். வழமையான வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். வேலைவாய்ப்பு அறிவித்தல்கள் அதன் முதலாம் பகுதி, 2அ தொகுதியில் இருக்கும். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாக வாசிக்கலாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய படத்தை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். வயதெல்லை, பாடப்பிரிவு, சாதாரண தரத்தில் எந்தப் பாடங்களுக்குத் திறமைச் சித்தி வேண்டும் என்பவை எல்லாம் மூல அறிவித்தலில்தான் சரியாக இருக்கும்.

வழக்கமாக விஞ்ஞான, கணிதப் பிரிவு மாணவர்களைத்தான் கேட்பார்கள். மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்துப் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் இருக்கும். பிள்ளைக்கு நேர்சிங் ஆசை இருந்தால் சாதாரண தரம் முடிந்த கையோடு பாடசாலை மாற்றத்தை யோசியுங்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கலைப் பிரிவில் சேர்ந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வந்து, “அக்கா, ஆர்ட்ஸ் செய்தவைக்கு நேர்சிங் இல்லையோ?” என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அவர்களுக்குத் திறமை இல்லாமலில்லை. நேரத்தோடு சொல்ல ஆள் இருக்கவில்லை.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் நான்கு வருடப் பட்டம். உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் இசட் புள்ளி வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலைப் பார்த்து இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டம் மட்டக்களப்பில் உள்ள சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில்தான் நடக்கிறது; கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் அல்ல. யாழ்ப்பாணம், பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களிலும் இந்தப் பட்டம் உண்டு.

விஞ்ஞானப் பாடநெறி அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. எனவே கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். நம் மாவட்டத்துப் புள்ளியைப் பாருங்கள், விருப்ப வரிசையில் தாதியர் பாடநெறிகள் எல்லாவற்றையும் போடுங்கள்.

படி 3: தனியார் நிறுவனமென்றால் பணம் கட்டுமுன் கேட்கும் கேள்விகள்

நகை அடகு வைத்தும் கடன் பட்டும் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. ஆகவே இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

- முடிந்ததும் தாதியர் சபையில் பதிவு கிடைக்குமா? “கிடைக்கும்” என்றால் அந்தச் சபையிடமே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.
- நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? நீங்கள் சேரப்போகும் பாடநெறிக்கும் தரச்சான்று உண்டா? இவை இரண்டும் வெவ்வேறு. நிறுவனப் பதிவு எண்ணைக் காட்டிவிட்டுப் பாடநெறியைப் பற்றிப் பேசாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.
- வாட் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம்? அந்த வைத்தியசாலையிடமும் விசாரியுங்கள்.
- இடையில் விலகினால் பணம் திரும்புமா, சான்றிதழ்களைப் பிடித்து வைப்பார்களா? மூலச் சான்றிதழை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.

என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) 3, 4 மட்டப் பராமரிப்பாளர், தாதி உதவியாளர் சான்றிதழ்கள் கெட்டவை அல்ல. வேலையும் கிடைக்கும், வெளிநாட்டு வாய்ப்பும் உண்டு. அதை நேர்சிங் டிப்ளோமா என்று நம்பிச் சேர்வதுதான் பிழை. தெரிந்துகொண்டு சேர்ந்தால் நல்ல தொழில்.

படி 4: படிக்கும்போதே இரண்டு மொழி

நோயாளியின் பெட் ஹெட் டிக்கெட் (வாட்டில் எழுதி வைக்கும் சிகிச்சைப் பதிவு), மருந்துச் சீட்டு எல்லாம் ஆங்கிலத்தில். நோயாளியோ கந்தளாயிலிருந்தோ சேருநுவரவிலிருந்தோ வந்தால் சிங்களம். “கொஹேத ரிதென்னே?” என்று எங்கே நோகிறது எனக் கேட்கத் தெரிந்தாலே அந்த அம்மாவின் முகத்தில் பயம் பாதி குறையும். நம் மாவட்டத்தில் மூன்று சமூகமும் ஒரே வாட்டில் படுக்கின்றன. சிங்களம் தெரிந்த தமிழ் நேர்ஸின் தேவை இங்கே பெரியது.

படி 5: முதல் வேலை

அரச டிப்ளோமா முடித்தவர்களுக்கு அமைச்சு நியமனம் தரும். முதல் நியமனம் திருகோணமலையிலேயே கிடைக்கும் என்று எண்ணி வீட்டில் எல்லாம் திட்டமிட்டு வைக்காதீர்கள். தூர மாவட்டமும் வரலாம். சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் பெற்றோருடன் இருந்து வாசியுங்கள். அரச வாட்டுகளில் வழமையான முறை காலை 7 முதல் 1, பகல் 1 முதல் 7, இரவு 7 முதல் காலை 7. கிண்ணியாவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ வருபவர்கள் இரவு டூட்டிக்கான போக்குவரத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும்.

தனியார் வைத்தியசாலை நேர்முகத்தில் சான்றிதழைப் பார்ப்பதோடு விட மாட்டார்கள், கேள்வியும் கேட்பார்கள். வளர்ந்தவரின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, சுவாசம் 12 முதல் 20 என்பவை நாக்கு நுனியில் இருக்கட்டும். மருந்து கொடுக்கும்போது சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள்.

சேலைன் கணக்கும் அடிக்கடி வரும். உதாரணமாக, 500 மில்லிலீற்றரை 4 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், சேலைன் ஏற்றும் குழாய் (செட்) ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி தருகிறது. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 துளி. 4 மணித்தியாலம் 240 நிமிடம். 10,000ஐ 240ஆல் வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. இதைக் கல்குலேட்டர் இல்லாமல் செய்து பழகுங்கள்.

தெரியாத ஒன்றைக் கேட்டால், “தெரியாது, பொறுப்பு நேர்ஸிடம் கேட்டுத்தான் செய்வேன்” என்று சொல்லுங்கள். வாட்டில் ஊகித்து மருந்து கொடுப்பவரை யாரும் விரும்ப மாட்டார்கள்.

படி 6: வெளிநாடு என்றால்

பல நாடுகள் பதிவுக்குப் பின்னான வேலை அனுபவத்தைக் கேட்கும். எனவே முதல் வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள். வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பும் கணினிவழிப் பரீட்சையும், பிரித்தானியாவுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது ஓ.ஈ.டி. ஆங்கிலப் பரீட்சையும் வேண்டும். முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரித்த பிறகே கடவுச்சீட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு வேலையை விடும்போதும் சேவைக் கடிதத்தைக் கையோடு வாங்கி, பதிவுச் சான்றிதழ், பாடப் புள்ளிப் பட்டியலோடு சேர்த்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வருடங்கள் போனபின் பழைய இடத்தில் ஒரு கடிதம் எடுக்கப் பலதடவை அலைய வேண்டியிருக்கும்.