யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஐரோப்பியக் கற்கைகளில் கலாநிதிப் பட்டம்: எங்கே தொடங்குவது?

கலாநிதிப் பட்டம் என்றதும் கன பேர் முதலில் தேடுவது புலமைப்பரிசிலை. நான் சொல்லும் ஒழுங்கு வேறு: முதலில் கேள்வி, பிறகு மேற்பார்வையாளர், காசு அதற்குப் பிறகு.

1. கையில் உள்ள பட்டம்

மூன்று வருடப் பொதுப்பட்டம் மட்டும் என்றால் நேரே கலாநிதிப் படிப்புக்குள் நுழைவது கடினம். முதலில் ஒரு முதுமாணி செய்யுங்கள். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டூஸ் கூட்டு முதுமாணிகளுக்கு எங்கள் நாட்டவரும் புலமைப்பரிசிலோடு விண்ணப்பிக்கலாம். புரூஜ் நகரிலுள்ள ஐரோப்பாக் கல்லூரியும் பெயர் பெற்றதுதான், ஆனால் அங்கே முதுமாணியோடு சரி.

2. எந்தத் துறை?

ஐரோப்பியக் கற்கைகள் என்ற குடைக்குள் பல துறைகள் நிற்கின்றன. பிளாரன்ஸுக்குப் பக்கத்தில், பியேசோலேயில் 1976 முதல் இயங்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தில் சட்டம், வரலாறு, பொருளியல், அரசியல் சமூக அறிவியல் என்று நான்கு பிரிவுகள். உங்களுடையது எது என்று இப்போதே முடிவெடுங்கள்.

3. கேள்வி

அவசரப்படாமல் இருக்க வேண்டிய இடம் இது. "ஐரோப்பிய ஒன்றியமும் இலங்கையும்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. இலங்கை ஏற்றுமதிகளுக்கு ஒன்றியம் கொடுக்கும் வரிச்சலுகையான ஜி.எஸ்.பி. பிளஸ் என்று சுருக்கினாலும் இன்னும் பெரிசு. அந்த வரிச்சலுகை 2010இல் பறிபோய் 2017 மேயில் திரும்பக் கிடைத்தது. 2021 ஜூன் 10இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்தப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும்படி ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணைக்குழுவைக் கேட்டது. ஆனாலும் சலுகை தொடர்ந்தது. பாராளுமன்றம் அழுத்தியும் ஆணைக்குழு ஏன் அசையவில்லை? சரி, இது கேள்வி. இதற்கு நான்கு வருடம் உழைக்கலாம்.

இதில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரு கை மேல். தீர்மானங்கள், சட்டங்கள், விவாதப் பதிவுகள் எல்லாம் இணையத்தில் இலவசம், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தே வாசிக்கலாம். அதே விடயத்தை இங்குள்ள சிவில் அமைப்பினர் எப்படிப் பார்த்தார்கள் என்பதைத் தமிழில் கேட்டு, தமிழ்ப் பத்திரிகைகளில் தேடி எடுக்க பிரசல்ஸில் இருக்கிறவரால் இலகுவில் முடியாது. முன்மொழிவில் இதை ஒளிக்காமல் எழுதுங்கள். ஐரோப்பாவைப் பற்றி எழுத ஐரோப்பியராக மாற வேண்டியதில்லை.

4. மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல்

அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது வடிவாக வாசித்துவிட்டு எழுதுங்கள். அளவு இவ்வளவு போதும்:

"நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் பட்டதாரி. ஜி.எஸ்.பி. பிளஸ் தொடர்பில் ஆணைக்குழுவும் பாராளுமன்றமும் ஏன் வேறு வழியில் போயின என்று ஆராய விரும்புகிறேன். வர்த்தக நிபந்தனைகள் பற்றிய உங்கள் கட்டுரையின் வாதம் இலங்கைக்குப் பொருந்துமா என்பது என் ஐயம். இரண்டு பக்க முன்மொழிவை இணைத்துள்ளேன். புதிய ஆய்வு மாணவர்களை எடுக்கிறீர்களா?"

"மதிப்புமிகு ஐயா, தங்கள் பொற்பாதங்களை" என்ற பாணி வேண்டாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவதும் வேண்டாம், பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

5. காசு

நெதர்லாந்திலும் வடக்கு ஐரோப்பிய நாடுகளிலும் ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். வேலை விளம்பரம் போலவே இடம் அறிவிப்பார்கள், அதனால் அவர்கள் கேட்கும் தலைப்புக்கு உங்கள் கேள்வியைக் கொஞ்சம் வளைக்க வேண்டி வரும். ஜெர்மனியில் பெரும்பாலும் முதலில் பேராசிரியர் ஒருவர் சம்மதிக்க வேண்டும். அதன் பிறகு டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) போன்ற புலமைப்பரிசில்களைத் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியம் காசு கொடுக்கும் மாரி கியூரி கலாநிதி ஆய்வு வலையமைப்புகளில் ஒரு நிபந்தனை உண்டு: கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் உங்களை எடுக்கும் நிறுவனம் இருக்கும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. இங்கேயே இருக்கிறவருக்கு அது பிரச்சினையே இல்லை. மேலே சொன்ன பிளாரன்ஸ் நிறுவனத்தில் நிதி உங்கள் நாட்டுரிமையைப் பொறுத்தது. இலங்கையருக்கு அந்த வருடம் என்ன வழி என்று பார்த்துவிட்டே விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

6. மிச்சம்

ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் மிக முந்தி எழுத வேண்டாம். பெறுபேற்று விபரத்தை மட்டும் இன்றைக்கே பல்கலைக்கழகத்தில் கேட்டு எடுத்து வையுங்கள். மேற்பார்வையாளரிடமிருந்து மூன்று வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு நினைவூட்டல், அதற்கும் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.