சோளகக் காலத்தில் நெடுந்தீவுக்குப் படகேறப் போகிறீர்களா?

ஊருக்குப் போகிற நம்மவர்கள் அநேகமாக யூலை, ஓகஸ்டில்தான் போகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான், நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா ஆனியில் வந்துவிடும், நல்லூரிலும் அதை ஒட்டியே கொடி ஏறும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று நின்று அடிப்பதும் அதே மாதங்களில்தான். பங்குனி, சித்திரையில் தீவுப் பக்கத்துக் கடல் வாய்க்கால் தண்ணீர் போலக் கிடக்கும்போது நாங்கள் ரொறன்ரோவில் பனி வழித்துக்கொண்டிருப்போம், கடல் முறுகத் தொடங்கியதும் சரியாகப் போய் இறங்குவோம். விடுமுறையை மாற்ற முடியாது, காற்றையும் மாற்ற முடியாது, ஆகவே எந்த நாளில் எந்தப் படகு என்பதையாவது யோசித்து ஏறலாம்.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற யாழ்ப்பாணத்திலிருந்து போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், புங்குடுதீவின் மேற்கு நுனியில் இருக்கிற குறிகட்டுவான் இறங்குதுறை. வேலணையைத் தாண்டி, வாணர் பாலத்தால் கடலின் நடுவே போகிற அந்த வீதியே ஒரு தனி அழகு. குறிகட்டுவானில் நின்று பார்த்தால் நயினாதீவுக் கோபுரம் கண்ணுக்கு முன்னால் நிற்கும், படகில் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். நெடுந்தீவு அப்படியில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதில் பெரும்பகுதி மறைப்பே இல்லாத திறந்த கடல். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து ‘காலையில் அம்மன், மத்தியானம் நெடுந்தீவு, பின்னேரம் வீடு’ என்று அட்டவணை போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நான் மட்டக்களப்பு வாவியில் படகில் போயிருக்கிறேன், பயமில்லை என்பார் ஒருவர். கல்லடிப் பாலத்தடியில் நிலாவில் பாடுமீன் கேட்கப் போனதும் இதுவும் ஒன்றல்ல. இன்னொருவர் பெரிய கப்பலில் அத்திலாந்திக்கைப் பார்த்தவர், அவருக்கும் இது புதிதாகத்தான் இருக்கும். இந்தத் தீவுகளுக்கு நடுவில் கடலுக்கு ஆழம் குறைவு. ஆழமில்லாத தண்ணீரில் காற்று ஏறினால் அலை நீண்டு உருளாது, குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக வரும். படகு ஒன்றில் ஏறி இறங்கி முடிக்குமுன் அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், அறையும். உயரம் பெரிதில்லை, ஆனால் இடைவெளி விடாது.

திசையையும் கவனியுங்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு தென்மேற்காக இருக்கிறது, சோளகமும் தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே போகும்போது நேர் எதிரே அலையை வெட்டிக்கொண்டு போகவேண்டும், முன்பக்கம் இருப்பவர்கள் குளித்துவிடுவார்கள். வரும்போது அலை பின்னால் தள்ளும், நனைய மாட்டீர்கள், ஆனால் படகு இடுப்பை ஆட்டிக்கொண்டே வரும், வயிற்றைப் புரட்டுவது அதுதான். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றுக்கு இது அப்படியே தலைகீழ். போகும்போது காற்று முதுகில் இருப்பதால் ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும், திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்கும். போன பயணத்தை வைத்து வருகிற பயணத்தை மதிப்பிட்டுவிடாதீர்கள். அந்த மாதங்களில் வங்கக் கடலில் தாழமுக்கம் என்று செய்தி வந்தால் படகே ஓடாது, அது தனிக் கதை.

எங்கள் சொந்தக் கதை ஒன்று. பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, நெடுந்தீவில் பிறந்தவர், முப்பது வருடத்துக்குப் பிறகு போகிறார். படகின் பெயர் வேண்டாம். வெயில் படக்கூடாது என்று நான்தான் அவரைக் கீழே, குனிந்து இறங்குகிற அந்த அறைக்குள், மூலையில் இருத்தினேன். முதல் பத்து நிமிடம் பழைய ஆட்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். பிறகு அலை தெறிக்கிறது என்று யாரோ படங்குச் சீலையை இழுத்து மூடிவிட்டார்கள், உள்ளே டீசல் புகை, யாரோ கொண்டுவந்த கருவாட்டுப் பொதியின் மணம், எஞ்சின் பக்கத்துப் பலகையின் சூடு. அவர் பேச்சு நின்றது, கண்ணை மூடினார், அப்புறம் என் மடியிலேயே எல்லாம் வந்துவிட்டது. எதிரில் இருந்த அம்மா ஒருவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி அவர் மூக்கடியில் பிடித்தார். தீவு ஆட்களின் பையில் அது எப்போதும் இருக்குமாம். இப்போது என் பையிலும் இருக்கிறது.

ஆகவே எங்கே இருப்பது என்று கேட்டால், நடுவிலிருந்து சற்றுப் பின்னால், காற்றுப் படுகிற இடத்தில், தூரத்துக் கரை கண்ணுக்குத் தெரிகிறமாதிரி. கீழேதான் இடம் என்றால் படிக்கட்டுக்குப் பக்கத்தில். இதற்கு வாந்தி மட்டும் காரணமில்லை. உயிர்காப்பு அங்கி மிதக்கும் பொருள், படகு கவிழ்ந்து மூடிய அறைக்குள் தண்ணீர் ஏறினால் அதுவே உங்களைக் கூரையோடு அழுத்தி வைத்துவிடும். வாசலுக்குக் கிட்ட இருப்பவருக்குத்தான் அங்கியால் முழுப் பயன். வெயிலுக்குத் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

அங்கியைத் தோளில் மாட்டிவிட்டு வாரைக் கட்டாமல் இருப்பதுதான் நம்மவர் பழக்கம். கட்டாத அங்கி தண்ணீரில் தலைக்கு மேலால் கழன்று போகும். சின்னப் பிள்ளைகளின் அளவுக்குப் படகில் கிடைப்பது அதிர்ஷ்டம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆள் அளவு அங்கியை மாட்டி ஆறுதல் அடையாதீர்கள், இங்கிருந்தே ஒன்று வாங்கிப் பெட்டியில் போடுங்கள், நுரை வைத்தது பாரமே இல்லை. காற்றடைத்த குப்பியோடு வருவதை விமானத்தில் கேள்வி கேட்பார்கள், அதை விடுங்கள்.

நடுக்கடலில் டொல்பின், கோபுரம், செல்பி என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவது இன்னொரு பழக்கம். கேரளத்துத் தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது படகு தாங்கவில்லை. அது ஏரி. இங்கே அலையும் சேர்ந்தால் யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையை நீங்கள் இருத்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

காலையில் முதல் படகுக்கே போய்விடுங்கள். சோளகம் வெயில் ஏற ஏறப் பலக்கும். துறையில் நின்று கையடக்கத் தொலைபேசியில் காற்று வேகம் பார்ப்பதைவிட, கயிறு அவிழ்க்கிறவரிடம் ‘அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?’ என்று கேளுங்கள். ‘பரவாயில்லை, பின்னேரம் கொஞ்சம் குலுக்கும்’ என்றால் அதை உங்கள் பாஷையில் நிறையக் குலுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் சிரிக்காமல் கடலைப் பார்த்தபடி பதில் சொன்னால் நான் நயினாதீவோடு நிறுத்திவிடுவேன். அம்மனைக் கும்பிட்டு, மடத்தில் அன்னதானம் சாப்பிட்டுத் திரும்பினால் அந்த நாள் ஒன்றும் வீணில்லை. பௌர்ணமி நாளிலும் திருவிழாவிலும் நயினாதீவில் இருக்கிற பௌத்த விகாரைக்கு வருகிற சிங்களச் சனமும் நம் சனமும் சேர்ந்து துறை நிரம்பிவிடும், நெரிசலான படகை விட்டு அடுத்ததுக்கு நிற்க வெட்கப்படாதீர்கள்.

குமட்டலுக்கான கிராவோல் மாத்திரை போடுவதென்றால் படகேற அரை மணி முன்னாலேயே போடவேண்டும், குமட்டத் தொடங்கியபின் போட்டு என்ன பயன்? பிள்ளைகளுக்கு அளவை மருந்தாளரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட் வீட்டில் இருக்கட்டும், பிரதி ஒன்று பிளாஸ்டிக் பைக்குள் போதும். சேலை கட்டியவர்கள் இறங்கும்போது அவசரப்படவே கூடாது. படகு துறையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், மேலே வருகிற கணத்தில், கை நீட்டுகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கால் வைக்கவேண்டும், கையில் பொதி இருக்கக்கூடாது.

நெடுந்தீவில் இறங்கியதும் முதலில் செய்ய வேண்டியது திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பது, பெருக்க மரமும் குதிரைகளும் ஒல்லாந்தர் கோட்டையும் அதற்குப் பிறகு. காற்று ஏறினால் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவார்கள், சிலவேளை நிறுத்தியே விடுவார்கள். அதனால் விமானம் ஏறுகிற கடைசி மூன்று நாளில் நெடுந்தீவை வைக்காதீர்கள், பயணத்தின் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஒரு நாள் மருந்தும் ஒரு மாற்று உடுப்பும் பையில் இருக்கட்டும். எங்களுக்கு அப்படி ஒரு இரவு தங்க நேர்ந்தது. பெரியம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில், பவளக்கல் அடுக்கிய மதிலடியில் பாய் போட்டு, ஒடியல் கூழ். காலையில் கடல் படிந்திருந்தது, பெரியம்மாதான் இன்னும் ஒரு நாள் நிற்போம் என்றார்.