யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: எந்த நேரத்தில் எந்தக் கடை

ரொறன்ரோவிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு ஊருக்குப் போனால் இரண்டு மூன்று நாளுக்குள் இந்த வழக்கு வந்துவிடும். பிள்ளைகள் கே.எப்.சி கேட்பார்கள். "இவ்வளவு காசு செலவழிச்சு வந்து இங்கையும் கோழிப்பொரியலோ?" என்று தகப்பன் ஏறி விழுவார். ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் கே.எப்.சியோடு கார்கில்ஸ் சதுக்கம் என்ற கடைத்தொகுதி திறந்த பிறகு பிள்ளைகளின் பக்கம் பலத்துவிட்டது. பிற்சா ஹட்டும் வந்துவிட்டது.

ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், வழக்கு முடியும். ஆனால் பிராண்ட் கடை என்றால் பத்திரம், ஊர்க் கடை என்றால் வயிற்றோட்டம் என்ற கணக்கோடு போகாதீர்கள். சமைத்தது எப்போது, எவ்வளவு நேரமாக ஆறிக் கிடக்கிறது என்பதில்தான் பெரும்பாலும் வயிற்றின் விதி இருக்கிறது. பெயர்ப்பலகைக்கு அதில் பங்கு கொஞ்சம்.

பிராண்ட் கடைக்குப் போக நல்ல காரணங்கள் உண்டு, அவை சாப்பாட்டில் இல்லை. ஏசி, கழுவித் துடைத்த கழிவறை, கார்டில் காசு கட்டும் வசதி, உறைப்புத் தாங்காத சின்னதுக்கு உருளைக்கிழங்குப் பொரியல். பெரியகடைச் சந்தைப் பக்கத்து வெய்யிலில் உடுப்புக் கடை ஏறி இறங்கிக் களைத்த அம்மம்மாவை ஒரு மணித்தியாலம் இருத்துவதற்கு அதைவிட வேறு இடம் தேடவேண்டாம். அங்கேயும் எண்ணெயில் இருந்து அப்போது இறங்கியதைச் சாப்பிடுங்கள். மயோனைஸ், சலாட் வேண்டாம். பில் வரும்போது கவனம்: பெரிய உணவகங்களில் மெனு விலைக்கு மேலே 10 வீதம் சேவைக் கட்டணமும், 2024 தை மாதத்தில் இருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரியும் ஏறலாம். நண்டை நிறைக்கு விற்கிற இடமென்றால் ஓடர் கொடுக்க முன்னரே விலை கேளுங்கள்.

ஊர்க் கடைக்கு மணிக்கூட்டைப் பார்த்துத்தான் போகவேண்டும். காலை ஏழு, எட்டு மணிக்கு இடியப்பம் ஆவியோடு தட்டில் இருந்து கழலும், சம்பல் அப்போதுதான் இடித்தது, சொதி அடுப்பில். அதே சம்பலையும் சொதியையும் பதினொரு மணிக்கு நான் தொடமாட்டேன். தேங்காய்ப்பூ எங்கள் வெக்கைக்குக் கெதியாகப் புளிக்கும், அதோடு சம்பல் அடுப்பையே காணாத சாமான். மத்தியானச் சோற்றுக்குப் பன்னிரண்டரை மணி சரியான நேரம். யாழ் பஸ் நிலையத்துக்குக் கிட்ட மலாயன் கபேயில் வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு போடுவார்கள். அந்த நேரத்துக்குச் சனம் நெருக்கும், சோறு சட்டியில் நிற்க நேரமே இராது. மூன்று மணிக்கு மேல் கடைச் சோற்றை விட்டுவிடுங்கள். ஆறிய சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரவு பிரைட் ரைஸைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாததற்கும் அதுதான் காரணம், மத்தியானம் மிஞ்சிய சோறுதான் பல இடங்களில் அந்த வேடம் போடுகிறது.

இரவுக்குத் தோசை, அப்பம், கொத்து. மூன்றும் கண்ணுக்கு முன்னால் சுடுவது. கொத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: ரொட்டி சூடு, முட்டை சூடு, மேலே ஊற்றும் குழம்பு எப்போது வைத்தது? "அண்ணை, குழம்பை முதல்ல கல்லில விட்டுக் கொதிச்சாப் பிறகு கொத்துங்கோ" என்று சொல்லுங்கள். ஒருவரும் கோபிப்பதில்லை. தோசைக்குச் சட்னியை விட்டுச் சாம்பார் கேளுங்கள்.

தேத்தண்ணிக் கடையில் இருந்ததும், கேளாமலே ஒரு தட்டு வரும். ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை. தின்றதற்கு மட்டும்தான் காசு, மிச்சம் அப்படியே பக்கத்து மேசைக்குப் போகும். உங்களுக்கு வர முன்னர் அது எத்தனை மேசை கண்டதோ, எத்தனை கை அந்த ரோல்ஸைப் புரட்டிப் பார்த்ததோ. தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, "இப்ப இறக்கின வடை இருக்கோ தம்பி?" என்று கேட்டால் சிலவேளை உள்ளே இருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட வரும். அதோடு ஒரு பிளேன்ரீ. கொதித்த தண்ணி என்பதால் அதற்குப் பயமில்லை.

முதலில் எங்கே போவது என்று என்னைக் கேட்டால் அம்மாச்சி உணவகம் என்பேன். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியில் பெண்கள் நடத்துவது. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியில் இருக்கிறது. முன்னுக்கு நின்று பார்க்கப் பார்க்கத் தோசை சுடுவார்கள், குரக்கன் மாவில் ஏதாவது இருக்கும், விலையும் பிள்ளைகளின் பொக்கற் காசுக்குள் அடங்கும். அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள்.

தண்ணிக்கு மட்டும் சமரசம் வேண்டாம். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறுபவை. கழிவும் தோட்டத்து உரமும் இலகுவாகக் கீழே இறங்கும். மூடி உடையாத போத்தல், அல்லது கண்ணுக்கு முன்னால் வெட்டிய இளநீர். கடையில் அடிக்கும் ஜூஸுக்கு ஐஸ் போடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரவு பஸ்ஸில் கொழும்பில் இருந்து வந்தால் உங்களுக்குத் தெரிவு என்று ஒன்று இல்லை. ட்ரைவர் நிறுத்துகிற கடைதான் கடை. நடுச்சாமத்தில் அங்கே இருக்கும் கறிகள் பின்னேரம் வைத்தவையாகத்தான் இருக்கும். வாழைப்பழம், பிஸ்கட், ஒரு தேத்தண்ணியோடு நிறுத்திவிடுங்கள். சொந்த வானில் ஏ9 வீதியால் வருகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் இறங்குவார்கள். வறுத்த கச்சான் அங்கே ஒரு பை வாங்கினால் பளை வரைக்கும் தாங்கும்.

இனி ஒருவரும் எழுதத் துணியாத விசயம்: சொந்தக்காரர் வீடு. கடையில் தப்பினவர்கள் பலர் மாமி வீட்டில்தான் விழுகிறார்கள். நீங்கள் வருவதென்று மாமி விடியவே நண்டுக் கறியும் கணவாய்ப் பொரியலும் வைத்து மூடிவிடுவா. நீங்கள் வழியில் நாலு வீட்டுக்கு ஏறி, பின்னேரம் நாலு மணிக்குப் போய்ச் சேருவீர்கள். சாப்பிடாவிட்டால் மனம் நோவா, சாப்பிட்டால் வயிறு நோகும். ஒருநாளில் ஒரு வீட்டில் மட்டும் சாப்பாடு என்று வையுங்கள். முதல் நாளே கோல் எடுத்து, "மாமி, சரியா பன்னிரண்டு மணிக்கு வாறம், நீங்கள் வைக்கிற சோறுதான் வேணும்" என்று சொல்லி, சொன்ன நேரத்துக்குப் போங்கள். மற்ற வீடுகளுக்கு, "தேத்தண்ணி மட்டும், இல்லாட்டி வரமாட்டம்." பிந்திவிட்டால், கறியைத் திரும்பக் கொதிக்க வைக்கச் சொல்ல வெட்கப்படாதீர்கள், அதை மருமகள் நேரே அடுப்படிக்குள் போய்ச் செய்தால் இன்னும் நல்லது.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இராது. அந்த நேரத்தில் போகிறவர்கள் நண்டுக் கனவைத் திருவிழா முடியும்வரை தள்ளிப் போடுங்கள். பதிலுக்கு, ஆவணியை ஒட்டிப் பனம்பழம் விழத் தொடங்கும், பனங்காய்ப் பணியாரம் சுடச்சுடக் கிடைக்கும்.

புறப்பட முன்னரே குடும்ப வைத்தியரிடம் தைபோயிட், ஹெப்பரைற்றிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். "நான் அந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தனான்" என்ற கதை உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது, பல வருசம் கழித்துப் போகிற உங்களுக்கும் பொருந்தாது. வந்து இறங்கியதும் எந்தப் பார்மசியிலும் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணியில் கரைத்துக் குடிக்கும் தூள்) பைகள் நாலைந்து வாங்கிப் பையில் வையுங்கள். வயிற்றோட்டம் தொடங்கினால் பையில் எழுதியிருக்கிற அளவு கொதித்தாறிய தண்ணியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். காய்ச்சலோ இரத்தமோ கண்டால், அல்லது சின்னப் பிள்ளை மூத்திரம் போவது குறைந்தால், மாமியின் கைவைத்தியத்துக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.