1860-களின் விக்டோரியன் பாவாடை: இடுப்பு மடிப்பு தைக்கும் முறை

விக்டோரியன் உடை என்றதும் பலரும் பயப்படுவது மேல்சட்டைக்குத்தான். லைனிங் வைத்து பிளவுஸ் தைப்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. படுத்துவது பாவாடை. நான்கு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள துணியை 28 அங்குல இடுப்பில் அடக்க வேண்டும். அதற்கு அன்றைய இங்கிலாந்துத் தையற்காரிகள் கையாண்ட வழிதான் கார்ட்ரிட்ஜ் பிளீட், அதாவது ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்து நெருக்கமாக நிற்க வைக்கும் சிறு மடிப்பு.

துணியைத் தொடுவதற்கு முன் உள்ளே போடுவதெல்லாம் தயாராக இருக்கட்டும். பாவாடையை விரித்து நிறுத்த உள்ளே கட்டும் எஃகு வளையக் கூண்டுக்கு 1856-இல் காப்புரிமை வாங்கினார்கள். அதுவரை கஞ்சி போட்ட உள்பாவாடைகளை அடுக்கடுக்காகக் கட்டி விரித்தார்கள். கார்செட் (இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை), கூண்டு, அதன்மேல் ஒரு உள்பாவாடை, அன்று போடப்போகும் ஷூ என எல்லாவற்றையும் அணிந்து நின்றுதான் உயரம் அளக்க வேண்டும்.

44 அங்குலப் பன்னா காட்டனில் நான்கு துண்டுகள் போதும். பக்கங்களை மெஷினில் அடித்துவிடுங்கள். 1860-களில் தையல் மெஷின் இருந்தது, ஆகவே தயங்க வேண்டாம். ஒரு பக்கத் தையலில் மேலே 10 அங்குலம் திறப்பு விடுங்கள். அடி விளிம்புக்கு உள்பக்கமாக 5 அங்குலப் பட்டை வைத்து ஹெம்மிங் செய்து முடித்துவிடுங்கள்.

ஆமாம், அடியைத்தான் முதலில் முடிக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கூண்டு பின்பக்கம் அதிகமாகத் தள்ளுவதால் அங்கே துணி கூடுதலாக வேண்டும். அதற்காக அடியை வளைத்து வெட்டினால் கோடு போட்ட துணி, கட்டம் போட்ட துணி எல்லாம் கோணலாகத் தெரியும். பாவாடையைக் கூண்டின் மேல் போட்டு, இடுப்பில் ஒரு எலாஸ்டிக்கைக் கட்டி, சுற்றிலும் தரையிலிருந்து ஒரே உயரம் வரும்வரை மேலே இழுத்து விடுங்கள். எலாஸ்டிக்கை ஒட்டிச் சாக் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே மிஞ்சுவதை வெட்டாமல் உள்ளே மடித்துவிடுங்கள். முன்னால் 3 அங்குலம், பின்னால் 1 அங்குலம் என்று மடிப்பு ஏறி இறங்கினால் சரியாகத்தான் இருக்கிறது.

இனி மடிப்பு. மேல் விளிம்பிலிருந்து கால் அங்குலம் கீழே அரை அங்குல ஓட்டுத் தையல், அதற்குக் கால் அங்குலம் கீழே இன்னொரு வரிசை. ஊசி மேல் வரிசையில் இறங்கிய இடத்துக்கு நேர் கீழேதான் அடுத்த வரிசையிலும் இறங்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் இழுக்கும்போது மடிப்பு சாய்ந்து சாதாரணச் சுருக்காகிவிடும். அதனால் புள்ளி வைத்துத் தையுங்கள். சாக் பென்சில் போதும். சூடு பட்டால் மறையும் பேனா பக்கம் போகாதீர்கள், குளிரில் அந்த மை திரும்பத் தெரியலாம். பாபின் நூல் அறுந்துவிடும். பட்டன் தைக்கும் தடித்த நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது.

இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால், நன்றாக நீவிவிட்ட புடவைக் கொசுவம் போல மடிப்புகள் நிமிர்ந்து நிற்கும். ஏறத்தாழ 170 மடிப்பு வரும், அதாவது அங்குலத்துக்கு ஆறு. நான்கு பாகமாகப் பிரித்து, ஓரம் முடித்த இடுப்புப் பட்டையோடு நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேரும்படி வையுங்கள். ஒவ்வொரு மடிப்பின் முனையையும் பட்டையின் விளிம்போடு இரண்டு தையல் போட்டுப் பிடியுங்கள். இதில் மெஷினுக்கு வேலையே இல்லை, மடிப்பு நசுங்கிவிடும். இழுத்த நூலை உருவாமல் உள்ளேயே விட்டுவிடுங்கள். பட்டைக்குக் கொக்கி வைத்தால் பாவாடை தயார்.

போடும்போது ஷூவும் ஸ்டாக்கிங்கும் முதலில், கார்செட் கட்டிய பிறகு குனிய முடியாது. உட்காரும்போது பின் வளையங்களைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்காருங்கள். மெழுகுவர்த்தி, அடுப்பு பக்கம் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்தில் இந்தப் பாவாடை தீப்பிடித்து இறந்தவர்கள் உண்டு, கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி 1861-இல் இறந்ததும் உடையில் தீப்பற்றித்தான்.

பின்சேர்க்கை: வாயில் (voile) என்ற மெல்லிய துணியில் தைத்தால் மடிப்புகள் நிற்காமல் தளர்கின்றன என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மேலே உள்மடிக்கும்போதே ஃபிளானல் பட்டை ஒன்றை உள்ளே வைத்து, அதையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுங்கள். ஃபிளானல் கிடைக்காவிட்டால் பழைய போர்வைத் துண்டும் சரிதான், தைக்கும் முன் துவைத்துச் சுருங்கவிட்டுக்கொள்ளுங்கள்.