கோமோ ஏரிக்குப் போகிறீர்களா? வரென்னாவில் இறங்குங்கள்
இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போகிற பலர் நேராகக் கோமோ நகரில் போய் இறங்குகிறார்கள். அழகான கிராமங்கள் இருப்பதோ ஏரியின் நடுப்பகுதியில். மிலான் நகரின் முக்கிய ரயில் நிலையமான மிலானோ சென்ட்ராலேயில் திரானோ போகும் ரயிலைப் பிடித்தால் சுமார் 1 மணி நேரத்தில் அங்குள்ள வரென்னா கிராமம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன்பே இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள், இல்லையென்றால் அபராதம்தான்.

அப்புறம் எல்லாம் படகுதான். வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜ்ஜோ ஆகிய மூன்று கரையோர ஊர்களுக்கும் இடையே ஃபெரி ஓடுகிறது. கால் மணி நேரப் பயணம். நடு ஏரிக்கு ஒரு நாள் டிக்கெட் வாங்கலாம், விரைவுப் படகில் அது செல்லாது. பெல்லாஜியோவில் கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். படிக்கட்டுத் தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வில்லா மெல்ட்ஸி தோட்டத்துக்கு நடந்துவிடுங்கள். தங்குவதற்கு என் ஓட்டு வரென்னாவுக்கே. கடைசி ஃபெரி எப்போது என்பதை மட்டும் காலையிலேயே படகுத்துறையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.