பழைய புல்லட்டில் மின்சாரம் நின்றுபோனால் பழுதைத் தேடும் முறை

பாயிண்ட் (தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனை) வைத்த பழைய 12 வோல்ட் புல்லட்டில் சாவியைப் போட்டும் விளக்கு எரியாமல், ஹாரன் அடிக்காமல், ஆம்மீட்டர் முள்ளும் அசையாமல் நின்றால், உடனே தீப்பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலையும், ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையரையும் புதிதாக வாங்கிவிடாதீர்கள். பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் ஓடிய வண்டியில் பெரும்பாலும் பாகங்களுக்கு முன்பாக அவற்றை இணைக்கும் முனைகளே கெடுகின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரைக் கொண்டு, பேட்டரியில் தொடங்கி ஒவ்வோர் இடமாக அளந்து சென்றால் பழுது அகப்பட்டுவிடும்.

மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, சாவியை அணைத்த நிலையில் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ் உள்ளது. 12-க்குக் கீழே இருந்தால் பேட்டரியைக் கழற்றி சார்ஜ் செய்த பிறகே மேலே செல்ல வேண்டும். இல்லையெனில் அடுத்து வரும் அளவுகள் எதையும் நம்ப முடியாது.

பிறகு ஃபியூஸ். உள்ளிருக்கும் கம்பி முழுதாகத் தெரிகிறது என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் ஃபியூஸின் இரு பக்கங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 12 வோல்ட் இருந்து மறுபக்கம் இல்லையென்றால், ஃபியூஸ் போயிருக்க வேண்டும், அல்லது அது உட்காரும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்க வேண்டும். அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். அதற்குப் பதிலாக வெறும் கம்பியைச் சுற்றுவது வயரிங் முழுவதையும் எரித்துவிடக்கூடும்.

பலரும் பார்க்காமல் விடுவது எர்த் இணைப்பை, அதாவது பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் ஃப்ரேமோடு சேர்க்கும் வயரைத்தான். சாவியையும் ஹெட்லைட் ஸ்விட்சையும் போட்டு, கறுப்பு முனையை நெகட்டிவிலேயே வைத்தபடி, சிவப்பு முனையை ஃப்ரேமில் பெயிண்ட் இல்லாத ஓரிடத்தில் அழுத்துங்கள். நல்ல எர்த்தில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு பலவீனமானது. முழு 12 வோல்ட்டும் காட்டினால் எர்த் அறுந்தே போயிருக்கிறது. நெகட்டிவ் வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றிவிட்டு, ஃப்ரேமில் அது மாட்டும் இடத்தை எமரித் தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பின் மீண்டும் அளக்க வேண்டும்.

எர்த் நன்றாக இருந்தால் இக்னிஷன் ஸ்விட்சுக்குள் நுழையும் வயரையும் வெளியேறும் வயரையும், சாவியைப் போட்டபடி, ஃபியூஸை அளந்ததைப் போலவே அளந்து பாருங்கள். அளக்கும்போதே ஹேண்டில்பாரை இருபுறமும் மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும்போது அளவு துள்ளினால், ஸ்டீயரிங் தலைக்கருகே வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே அறுந்த வயரைத் தேட வேண்டும்.

எல்லாம் உயிர்பெற்ற பின் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பேட்டரியை அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 12-இலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. அப்போதுதான் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டரையும் ரெக்டிஃபையரையும் சந்தேகிக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதை மாற்றாமல் ஓட்டினால் பேட்டரியின் நீர் வற்றி, பல்புகளும் ஒவ்வொன்றாகப் போய்விடும்.